ஆறு குச்சி மரப்புதிர்: வீட்டிலேயே செய்து பார்க்க

ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் மரப்புதிர்களில் எல்லோருக்கும் தெரிந்தது ஆறு குச்சிப் புதிர்தான். மூன்று திசைகளில் திசைக்கு இரண்டாக ஆறு சதுரக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து நிற்கும். ஆணி, பசை எதுவும் கிடையாது. ஒரு குச்சியை மட்டும் உருவினால் மற்றவை கழன்று வரும். முதன்முதலாகச் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. இருபுறமும் திறந்த காடிகள், அதாவது பள்ளவெட்டுகள், மட்டும் எடுத்தால் போதும். கையால் அறுக்கும் ரம்பமும் உளியும் கொண்டு அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலேயே முடித்துவிடலாம்.

காடி வெட்டுவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முக்கால்வாசி வேலை, ஆறு குச்சியும் ஒரே கனத்தில், நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாக (செங்கோணமாக) அமைவதில் இருக்கிறது. குச்சி சரியில்லாமல் காடியை மட்டும் எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் புதிர் ஒன்று நுழையாது, அல்லது கலகலவென்று ஆடும். ஆகவே இந்தக் கட்டுரையிலும் குச்சிக்கே அதிக இடம்.

மரம்

சென்னையில் எளிதாகக் கிடைப்பவற்றில் தேக்கும் பீச் (beech) மரமும் முதல் தேர்வு. தேக்கு ஈரத்துக்கு அதிகம் அசையாது, இழைக்கச் சுகமானது. ஆனால் அதில் மணல்போன்ற சிலிக்கா இருப்பதால் உளியின் முனை சீக்கிரம் மழுங்கும்; அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். பீச் நெருக்கமான மரம், காடியின் விளிம்பு கத்தி வைத்தாற்போல் நிற்கும். ஆனால் மழைக்காலத்தில் தேக்கைவிட அதிகமாக ஊதும். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலையும் சின்ன வேலைக்கு அருமையானது, ஆனால் மரவாடிகளில் கேட்டவுடன் கிடைக்காது. ரப்பர் மரம் மலிவு. பழகுவதற்கு அதில் ஒரு செட் செய்து பார்க்கலாம். பைன் வேண்டாம். மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் மாறி மாறி வருவதால் உளி வைத்தால் நசுங்கும், சிலாம்பு கிளம்பும்.

சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கத்து மரவாடிகளிலோ, உங்கள் பகுதியிலுள்ள தச்சுப் பட்டறையிலோ ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் ரீப்பர் (நீண்ட மரச்சட்டம்) கேளுங்கள். அறுத்த ரீப்பர் ஓர் அங்குலம் என்றால், இயந்திரத்தில் இழைத்த பிறகு 22 மி.மீ. அளவில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது 20 மி.மீ. அங்கே கணக்கு அங்குலத்திலும் நூலிலும்தான் ஓடும். ஒரு நூல் என்பது 3 மில்லிக்கும் மேல். கதவு நிலைக்கு அது போதும். இந்தப் புதிரில் 0.2 மி.மீ. தவறினாலே தெரிந்துவிடும். எனவே கடைசி 2 மில்லியை மற்றவர் கையில் விடாமல் வீட்டில் நீங்களே இழைப்பது நல்லது.

மூன்றடி நீளம் வாங்கினால் ஒரு புதிருக்கும் மூன்று உபரிக் குச்சிக்கும் சரியாக இருக்கும். கணு இல்லாத, ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் துண்டாகப் பாருங்கள். வெளிறு (மரத்தின் வெளிப்புற இளம் பகுதி) கலந்த துண்டு வேண்டாம், வைரப் பகுதி (உட்புற முதிர்ந்த பகுதி) மட்டும் போதும். ஆறு குச்சியும் ஒரே ரீப்பரிலிருந்து வருவது முக்கியம். வேறு வேறு துண்டுகளில் எடுத்தால் மழைக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு ஊதும்.

வாங்கியதும் வேலையை ஆரம்பிக்கக் கூடாது. மரவாடிக் கொட்டகையில் இருந்த மரம் வீட்டுக் காற்றுக்குப் பழக இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், அடியில் சின்னக் கட்டைகள் வைத்துப் படுக்கப் போடுங்கள். இந்த ஊரில் இதைத் தாண்டிப் போக வழியில்லை. மே மாத மதியக் காற்றும் நவம்பர் மழைக்காற்றும் ஒன்றல்ல. மரத்தின் ஈரம் 4 சதவீதம் கூடினால், 20 மி.மீ. தேக்குக் குச்சி ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 0.15 மி.மீ. பருக்கும், வளையத்துக்குக் குறுக்கான திசையில் அதில் பாதி. நீளவாக்கில் அசைவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நாம் விடப்போகும் இடைவெளியே 0.1 முதல் 0.2 மி.மீ. தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏசி ஓடும் அறையில் இறுக்கமாகப் பொருத்திய புதிர், வெளித் திண்ணைக்கு வந்த இரண்டாம் நாள் திறக்காமல் போவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை நடக்கும்போது குச்சி இழைக்கலாம், காடியும் தோராயமாக எடுக்கலாம். இறுதிப் பொருத்தத்தை மட்டும் மழை விட்டு மரம் ஒருமுறை காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

பல் நெருக்கமான சின்ன ரம்பம் ஒன்று (இழுக்கும்போது அறுக்கும் ஜப்பான் வகை என்றால் உத்தமம், வெட்டு மெல்லியதாக இருக்கும்), 6 மி.மீ., 12 மி.மீ., 18 மி.மீ. உளிகள், இழைப்புளி, மூலைமட்டம், டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், கோடு கீற ஒரு கூரான கத்தி, இரண்டு கிளாம்ப், தட்டையான அரம் ஒன்று. இவ்வளவு போதும். பாரிமுனைப் பக்கம், லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைத்துவிடும். காலிப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூடினால் பூஜ்யம் காட்டி, திறந்து மூடினால் மறுபடியும் அதே பூஜ்யம் காட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பென்சில் கோட்டை நம்பி இந்த வேலை செய்ய முடியாது, கோட்டின் தடிமனே நம் இடைவெளிக்கு மேல் போய்விடும். கத்திக் கீறல்தான் கணக்கு.

டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) வைத்திருப்பவர்கள் வேகமாக முடிக்கலாம். ஆனால் 80 மி.மீ. துண்டை விரலால் பிடித்து ஓடும் பிளேடுக்கு அருகில் கொண்டுபோவது ஆபத்து. கட்டையைக் கிளாம்பில் பூட்டி நகர்த்தும் தள்ளுபலகை இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். மரத்தூளுக்கு முகக்கவசம் கட்டுங்கள். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

குச்சி

ரீப்பரை வெட்டாமல் முழு நீளத்திலேயே இழைத்து 20 மி.மீ. சதுரத்துக்குக் கொண்டுவாருங்கள். வெட்டிய பிறகு ஒவ்வொன்றாக இழைத்தால் ஆறும் ஆறு அளவில் வரும். முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்குங்கள். அதற்கு அடுத்த முகத்தை மூலைமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த இரண்டிலும் பென்சிலால் குறி போடுங்கள். இனி எல்லா அளவும் இவற்றிலிருந்துதான். மற்ற இரண்டு முகங்களை இவற்றுக்கு இணையாக இழைக்க, இருபுறமும் சரியாக 20 மி.மீ. உயரமுள்ள இரண்டு பட்டைகளைப் பலகையில் திருகி, நடுவில் ரீப்பரை வைத்து, இழைப்புளி அந்தப் பட்டைகள்மேல் உட்காரும்வரை இழைப்பது சுலபமான வழி. பட்டையைத் தொட்டதும் இழைப்புளி மேற்கொண்டு சீவாது.

பிறகு 80 மி.மீ. நீளத்தில் ஒன்பது துண்டுகள். ரம்பம் நேராக ஓட ஒரு மரப்பெட்டி வழிகாட்டியும், முனை முட்டி நிற்க ஒரு தடுப்புக் கட்டையும் வைத்தால் நீளம் தானாகவே ஒன்றாக அமையும். 60 மி.மீ. நீளத்திலும் இந்தப் புதிர் செய்யலாம். அப்போது காடிக்கு வெளியே இருக்கும் முனை வெறும் 10 மி.மீ. தான். கீழே விழுந்தால் அந்த முனையின் பாதி ரேகை வழியாகப் பிளந்து போகும். 80 மி.மீ. வைத்தால் முனைக்கு 20 மி.மீ. மரம் கிடைக்கிறது, பார்வைக்கும் கம்பீரமாக இருக்கிறது.

இப்போது சோதனை. ஆறு குச்சிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, மொத்த அகலத்தை அளந்து பாருங்கள்: 120.0 வர வேண்டும். எல்லாவற்றையும் கால் திருப்பு திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். ஒரு குச்சியில் கண்ணுக்குத் தெரியாத 0.05 மி.மீ. பிழை, ஆறு சேர்ந்தால் 0.3 ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு இரண்டிரண்டு குச்சிகளை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. ஒன்றை அப்படியே தலைகீழாகப் புரட்டி வைக்கும்போது ஒளி கூடினால் குச்சி சதுரமல்ல, சாய்சதுரம். அது உபரிக் குவியலுக்குப் போக வேண்டியது. மொத்த அளவு 119.6 என்று வந்தாலும் கவலையில்லை, ஆறும் ஒன்றாக இருந்தால் போதும். 20 என்ற எண்ணில் ஒன்றுமில்லை. கீழே வரும் அளவுகளை உங்கள் குச்சியின் கனத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

காடிகள்

இந்த வடிவத்தில் மூன்று வகைக் குச்சிகள்தான்.

சாவி, 1 குச்சி. வெட்டே இல்லை.

பாலம், 3 குச்சிகள். ஒரு முகத்தின் நடுவில் 40 மி.மீ. நீளம், 10 மி.மீ. ஆழத்தில் ஒரே காடி. அதாவது முனையிலிருந்து 20-ஆவது மில்லி தொடங்கி 60 வரை.

பூட்டு, 2 குச்சிகள். ஒரு முகத்தில் நடுவில் 20 மி.மீ. நீளக் காடி, 30 முதல் 50 வரை, ஆழம் 10. அதற்கு அடுத்த முகத்தில் 10 மி.மீ. அகலமுள்ள இரண்டு சிறு காடிகள், 20 முதல் 30 வரை ஒன்று, 50 முதல் 60 வரை ஒன்று, இவற்றுக்கும் ஆழம் 10. இரண்டு பூட்டுகளும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை இடது, ஒன்றை வலது என்று மாற்றி வெட்டத் தேவையில்லை.

இவை கணக்கு அளவுகள். வெட்டும்போது ஒவ்வொரு காடியின் நீளத்திலும் ஆழத்திலும் 0.1 மி.மீ. கூட்டுங்கள்: 40.1, 20.1, 10.1. எதிரெதிரே வரும் இரண்டு காடிகளில் இது சேர்ந்து 0.2 ஆகிவிடும். பீச் என்றால் 0.15 கூட்டலாம். இதற்கு மேல் போனால் குலுக்கும்போது சத்தம் கேட்கும்.

பூட்டின் பலவீனமான இடத்தை வெட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சிறு காடியும் பெரிய காடியும் சந்திக்கும் கோட்டில், 20-க்கு 20 குச்சியில் மிச்சம் இருப்பது 10-க்கு 10 மட்டும். ஒரு குச்சியில் இப்படி இரண்டு இடங்கள். ரேகை சாய்ந்து ஓடும் மரமாக இருந்தால் அங்கேதான் முறியும். ஒன்பது துண்டுகளில் ரேகை மிக நேராக ஓடும் மூன்றைப் பூட்டுக்கு ஒதுக்குங்கள், இரண்டு வேலைக்கு, ஒன்று கைகாவலுக்கு. சாவிக்கு எது வேண்டுமானாலும் போகலாம், அழகான ரேகை உள்ளதாகப் பாருங்கள்.

வெட்டும் முறை எல்லாக் காடிக்கும் ஒன்றுதான். மூலைமட்டம் வைத்துக் காடியின் இரு எல்லைகளையும் கத்தியால் கீறுங்கள். ஒரே வகைக் குச்சிகளைத் தனித்தனியாகக் குறிக்காமல், முனைகளை ஒரு கட்டையில் முட்டவைத்துச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, எல்லாவற்றின் மீதும் ஒரே கீறலாக இழுங்கள். கீறலின் கழிவுப் பக்கம் உளியால் ஒரு மெல்லிய சாய்வு சீவினால் ரம்பம் உட்காரச் சிறு பள்ளம் கிடைக்கும். ரம்பம் எப்போதும் கழிவுப் பக்கம்தான் ஓட வேண்டும், கீறல் முழுதாக மிஞ்சி நிற்க வேண்டும். ஆழத்துக்கு அரை மில்லி முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் 4, 5 மி.மீ. இடைவெளியில் மேலும் சில வெட்டுகள் போட்டால் கழிவு சின்னச் சின்னப் பற்களாக நிற்கும், உளியால் தட்டினால் விழுந்துவிடும். ஒரே பக்கத்திலிருந்து உளி ஓட்டி மறுபக்கம் வெளியே வராதீர்கள், அந்த விளிம்பில் சிலாம்பு பெயரும். இரு பக்கத்திலிருந்தும் நடுவரை வந்து நடுமேட்டைக் கடைசியில் சீவுங்கள்.

ஆழம் சீராக வர ஒரு சின்ன ஏற்பாடு போதும். ஒரு பலகையில் 9.9 மி.மீ. உயரமுள்ள இரண்டு பட்டைகளை 20 மி.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். காடி மேலே பார்க்கக் குச்சியை நடுவில் வைத்து, பட்டைகள்மேல் கிடத்திய அகல உளியையோ அரத்தையோ காடியின் குறுக்கே ஓட்டுங்கள். அரம் இரு பட்டையிலும் உட்காரும்போது மிச்ச மரம் சரியாக 9.9 ஆகியிருக்கும். குச்சி 20 இல்லை, 19.8 என்றால் பட்டை 9.8. இதை வைத்துக்கொண்டால் மூன்று பாலத்துக்கும் இரண்டு பூட்டுக்கும் ஆழத்தை அளக்கவே வேண்டியதில்லை.

பூட்டில் முதலில் சிறு காடிகளை முடியுங்கள், பெரிய காடி பிறகு. பெரியதை முதலில் எடுத்துவிட்டால், இளைத்துப்போன குச்சியில் கொட்டாப்புளியால் தட்டும்படி ஆகும். சிறு காடிக்கு அளவுகோல் வேண்டாம், முடிந்த பாலத்தின் மெலிந்த நடுப்பகுதியை அதில் நுழைத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் போக வேண்டும், தானாக விழக் கூடாது.

கோத்தல்

ஒரு பாலத்தைக் காடி மேலே பார்க்க மேசையில் உங்களுக்கு நேராக நீளவாக்கில் வையுங்கள். இரண்டாம் பாலத்தைக் காடி கீழே பார்க்க அதன்மேல் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 40-க்கு 20 ஜன்னல் ஒன்று கிடைக்கும். மூன்றாம் பாலத்தை அந்த ஜன்னல் வழியாகக் குறுக்கே செருகி, அதன் காடி உங்களைப் பார்க்க, ஜன்னலின் தூரத்து முனைவரை தள்ளுங்கள். இதுவரை யாரும் செய்துவிடலாம்.

இனிப் பூட்டுகள். ஒன்றைச் செங்குத்தாகப் பிடியுங்கள்: சிறு காடிகள் ஜன்னலைப் பார்க்கட்டும், பெரிய காடி உங்களைப் பார்க்கட்டும். குறுக்குப் பாலத்திலிருந்து 10 மி.மீ. உங்கள் பக்கமாகத் தள்ளி, பக்கவாட்டிலிருந்து ஜன்னலுக்குள் செருகுங்கள். சிறு காடிகள் மேல் பாலத்தையும் கீழ்ப் பாலத்தையும் கவ்வும். கவ்விய பிறகு குறுக்குப் பாலத்தை நோக்கி 10 மி.மீ. தள்ளினால் அதன் காடிக்குள் போய் உட்கார்ந்துவிடும். எதிர்ப்புறம் இரண்டாம் பூட்டையும் அப்படியே. இப்போது உங்கள் முன்னால் 20-க்கு 20 சதுர ஓட்டை ஒன்று குறுக்கே தெரியும். அது சாவிக்கான வழி. சாவி உள்ளே போனதும் பூட்டுகள் பின்வாங்க இடமில்லை, ஆறும் அசையாது. உள்ளே காலி இடம் துளியும் இராது.

நுழையவில்லை என்றால் அரத்தை எடுக்குமுன் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். சாவியின் நான்கு முகத்திலும் பென்சில் கரியைத் தேய்த்து மெதுவாக நுழைத்து எடுங்கள். முட்டும் இடத்தில் கரி ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் சீவுங்கள். சாவி ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை வந்து நின்றால், இரண்டு பூட்டின் பெரிய காடிகளும் ஒரே ஆழத்தில் இல்லை. பூட்டு ஜன்னலுக்குள்ளேயே வர மறுத்தால், சிறு காடிகளுக்கு நடுவே உள்ள மேடு 20-ஐத் தாண்டியிருக்கிறது. பூட்டு உள்ளே வந்து சாய்ந்து நிற்கிறதா? சிறு காடிகள் குச்சியின் நடுவிலிருந்து சமதூரத்தில் அமையவில்லை. அதைச் சீவிச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் தளரும். உபரிக் குச்சியை எடுத்துப் புதிதாக வெட்டுவதே நேரம் மிச்சம். எல்லாம் நுழைந்தும் ஆடுகிறது என்றால், அதே மரத்தை இழைக்கும்போது வரும் சுருளில் ஒரு துண்டைக் காடியின் சுவரில் ஃபெவிகால் வைத்து ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி பொருத்துங்கள். சுருளின் ரேகை குச்சியின் ரேகையோடு ஒத்து ஓடினால் ஒட்டு தெரியாது.

உப்புத்தாளைக் கடைசியில், அதுவும் 320-ஆம் எண், ஒரு தட்டையான கண்ணாடிமேல் வைத்துக் குச்சியை அதன்மேல் தேய்க்க வேண்டும். தாளைக் கையில் பிடித்துக் குச்சியைத் தேய்த்தால் விளிம்புகள் உருண்டுவிடும். கூர்விளிம்புகளை ஒரே ஓட்டமாக லேசாக மழுக்குங்கள். காடியின் உள்ளே தாள் படவே கூடாது.

பூச்சு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) போன்றவை மரத்தின்மேல் ஏடாகப் படிந்து இடைவெளியைத் தின்றுவிடும். வெயில்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யும். அரக்குப் பாலிஷ் மழைநாளில் வெளுக்கும். தேன்மெழுகு ஒரு பங்கு, லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டுத் துணியால் தேயுங்கள். மெழுகு தடவிய குச்சி வழுக்கிக்கொண்டு போகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்கு வாடை வரும்.

மழையில் சாவி இறுகிவிட்டால் சுத்தியலால் தட்டக் கூடாது. முறிவது பூட்டின் அந்த 10-க்கு 10 இடம்தான். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் போட்டு வையுங்கள், தானாக இளகும்.

அடுத்து என்ன செய்வது

இந்த வடிவம் கைக்கு வந்த பிறகு வேறு காடிகளுக்குப் போகலாம். அமெரிக்காவின் பில் கட்லர் கணினியில் எண்ணியபடி, உள்ளே காலி இடமில்லாத ஆறு குச்சிப் புதிர்களுக்கு 369 வகைக் குச்சிகள் பயன்படுகின்றன, அவற்றால் 1,19,979 விதமாகக் கோக்கலாம். அதில் ரம்பத்தால் நேராக வெட்டக்கூடிய காடிகள் மட்டும் கொண்டவை 25 வகை. அவற்றைக் கொண்டு 314 விதம். காலி இடமுள்ள புதிர்களையும் சேர்த்து அவர் முழுக் கணக்கை 1990-இல் முடித்தார். அந்தக் காலி இடம்தான் புதிரைக் கடினமாக்குவது: உள்ளே நகர இடம் இருப்பதால், முதல் குச்சியை வெளியே எடுக்கவே பல நகர்வுகள் தேவைப்படும்படி அமைக்கலாம். இங்கே சொன்ன புதிரில் ஒரே நகர்வில் சாவி வந்துவிடும். ஆண்ட்ரியாஸ் ரோவர் எழுதிய பர்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் குச்சிகளின் வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அது எத்தனை விதத்தில் கோக்கும், எந்த வரிசையில் கழலும் என்று காட்டிவிடும். மரத்தைத் தொடுமுன் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மூன்று பக்கமும் மூடிய உள்மூலை உள்ள குச்சிகளை ரம்பத்தால் எடுக்க முடியாது. அவற்றை 10 மி.மீ. கட்டைகளாக வெட்டி ஒட்டித்தான் செய்ய வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் முகத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்தவுடன் பசை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். காலையில் துடைத்துவிட்டு மாலையில் ஒட்டினால், உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.